என் ஒரு வரியைத் தோற்கடித்த வக்கீலம்மா

செய்தி வந்தபோது நான் வேலூர் லாங் பஜாரில், ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்று குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கிக்கொண்டிருந்தேன். செல்போனில் தேவகி. "சார், வக்கீலம்மா போய்ட்டாங்க" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு விமானம் மேலேறும் இரைச்சல். அது அடங்கியதும் தொடர்ந்தார்.

"காலைல ஆறரைக்காம் சார். தூக்கத்துலயே. நான் ஷிப்ட்ட மாத்தி வுட்டுட்டுக் கெளம்பறேன். நீங்க மொதல்ல பாகாயம் போய்டுங்க. வீட்ல அவங்க அக்கா மட்டும்தான் இருக்காங்க."

கைவண்டிகளுக்கு நடுவே நான் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து கடைக்காரர் கூப்பிட்டார். "இன்னா சார், வாங்கின பொருள வெச்சுட்டுப் போறீங்க?" திரும்பி அவரைப் பார்த்தேன். என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு நினைவில்லை.

வழக்கறிஞர் கிரேஸ் புஷ்பத்தால் வேலையைத் திரும்பப் பெற்ற தொழிலாளர்கள் சேர்ந்து இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரை உங்கள் பக்கத்தில் நின்ற வக்கீலம்மாவாக அறிந்திருப்பீர்கள். நான் அவரை எதிர்ப்பக்கத்திலிருந்து அறிந்தவன். உங்களில் ஏழு பேருடைய வேலை போனதற்குக் காரணமான காகிதத்தை எழுதியது என் கை. எழுதச் சொல்லி அந்த ஏழு பேரில் ஒருவரான ஜாபர் கேட்டபோது, "நான் எழுதினா நல்லாவா இருக்கும்?" என்றேன். "நீங்க எழுதினாத்தான் சார் நல்லா இருக்கும்" என்றார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் நான் ரைட்டராக இருந்தேன். நிலையத்தின் பதிவேடுகள், தபால்கள், அறிக்கைகள் எல்லாம் ரைட்டரின் பொறுப்பு. அந்த ஆண்டுகளில் விமான நிலையங்களில் கெடுபிடி கூடியிருந்தது. உள்ளே வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் வேண்டும். பாஸ் கொடுப்பதற்கு முன், இந்த ஆள் மீது வழக்கு ஏதாவது உண்டா என்று சொந்த ஊர் காவல் நிலையத்தைக் கேட்பார்கள். அப்படி என் மேசைக்கு ஒரே கட்டாக ஏழு படிவங்கள் வந்தன.

ஏழு பேரும் எங்கள் எல்லைக்குட்பட்ட ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்கள். சென்னை விமான நிலையத்தில் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனம், ஷூ பெட்டிகளைச் சேதமில்லாமல் கட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அவர்களை எடுத்துக்கொண்டிருந்தது. தற்காலிக பாஸில் மூன்று மாதம் வேலையும் செய்துவிட்டார்கள். நிரந்தர பாஸுக்குத்தான் இந்த விசாரணை.

பதிவேட்டைப் புரட்டினேன். ஏழு பேர் மீதும் ஒரு பழைய வழக்கு இருந்தது. ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடையில் ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறார். அவரை ஏற்றிப்போக வந்த ஆட்டோவை உள்ளே விட கம்பெனி கேட்டைத் திறக்கவில்லை. முப்பது பேர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ எறிந்த கல்லில் ஒரு பேருந்தின் கண்ணாடி உடைந்தது. முப்பது பேர் மீதும் கலவர வழக்கு. பதிவேட்டில் வழக்கின் முடிவை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"வம்பு வேணாம், இருக்கறத எழுதி அனுப்பிடு" என்றார் இன்ஸ்பெக்டர். எழுதினேன். 'மேற்படி நபர் மீது இந்நிலையத்தில் கலவர வழக்கு பதிவாகியுள்ளது.' பெயரை மட்டும் மாற்றி ஏழு முறை. மேசையிலிருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் ஏழு பேருக்கும் கடிதம் வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அனுமதி மறுக்கப்படுகிறது. அவ்வளவுதான். என்ன காரணம், யார் சொன்னது, ஒன்றும் இல்லை. பழைய கம்பெனியில் அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். விமான நிலையத்திலேயே ஆகாத ஆள் என்று ஊரில் பேச்சாகி, மற்றக் கம்பெனிகளும் யோசித்தன. ஏழு பேரில் ஒருவரான தேவகியின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அதன் பிறகுதான் ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளைப் புடவையும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக ஒரு குள்ளமான அம்மாள் நிலையத்துக்குள் வந்தார். கையில் ஒயர் கூடை. காய்கறி இருக்க வேண்டிய இடத்தில் வழக்குக் கட்டுகள்.

"யாரு இங்க ரைட்டர்?"

"நான்தாம்மா."

"ஏழு பேருக்கு வெரிஃபிகேஷன் எழுதினது நீங்கதானா?"

"அது ரகசியத் தபால்மா. காட்ட முடியாது."

"காட்ட வேணாம். எழுதறதுக்கு முன்ன அவங்கள நேர்ல பாத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"எல்லாரையும் பாத்துட்டு எழுதறதுன்னா நான் ஸ்டேஷன்ல ஒக்காரவே முடியாது. வேலை ஜாஸ்தி."

"சரி, அப்ப நான் ஒக்கார்றேன்" என்று சொல்லி, வாசலை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான்கு நாள் வந்தார். காலை பத்து மணிக்கு வந்து மாலைவரை இருப்பார். சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. புகார் கொடுக்க வந்து எழுதத் தெரியாமல் நின்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அழகாகப் புகார் எழுதிக் கொடுத்தார். சைக்கிள் திருடு போனவர், மாட்டை அடித்துவிட்ட லாரியைப் பிடிக்கச் சொன்னவர், எல்லோர் கையிலும் சட்டப் பிரிவோடு மனு. வாங்க மறுக்க முடியாத மனுக்கள். இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். "ரைட்டரே, அந்தம்மாவ எப்டியாவது அனுப்பிடு. ரொம்ப பேஜாரா இருக்குது."

நான்காம் நாள் பொறுமை போய், பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தேன். "பாருங்கம்மா, கேஸு இருக்குது. நான் இல்லாதத எழுதல." அவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். எழுத்து அவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். ஒரு கணம்கூட ஆகவில்லை. "முடிவு எழுதற கட்டம் காலியா இருக்கே" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் ரைட்டர் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானே கதவைத் திறந்துவிட்டேன் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டேன். கோர்ட் பதிவறையில் பழைய கட்டுகளுக்கிடையே தேடி, முப்பது பேரும் விடுதலையான தீர்ப்பின் நகலை வாங்கினார். உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 'ஏழு பேரையும் நேரில் கேட்டு, காரணம் சொல்லி முடிவு செய்யுங்கள்' என்று உத்தரவு வாங்கினார். சென்னையில் மேல்முறையீட்டு அதிகாரி முன்பு விசாரணை. நிலையப் பதிவேட்டோடு நானும் வர வேண்டும் என்று சம்மன்.

கிளம்புவதற்கு முன் இன்ஸ்பெக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "விடுதலை ஆன தகவல் கோர்ட்லேர்ந்து வரவே இல்லன்னு சொல்லிடு. வராததுக்கு நாம இன்னா பண்ண முடியும்?"

காலை ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினேன். ஏழு பேரும் வக்கீலம்மாவும் அதே பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து எனக்கு இடம் விட்டார் அவர். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். வழக்கைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வழி முழுக்க ஏழு பேரையும் ஒவ்வொருவராகச் சொல்லவைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது, எப்போது விடுதலை, எதைக் கேட்கிறோம். தடுமாறினால் முதலிலிருந்து. "நீங்களே பேசிடுங்கம்மா, எங்களுக்குப் பயமா இருக்குது" என்று ஒருவர் சொன்னபோது, "உன் கேஸ் உன் வாயில வரணும். நான் நாளைக்கே செத்துட்டா கேஸும் கூட செத்துடக் கூடாது" என்றார். இந்தப் பேச்சை உங்களில் கேட்காதவர்கள் இருக்கமாட்டீர்கள்.

சென்ட்ரலில் இறங்கியதும் மற்றவர்களை முன்னே நடக்கவிட்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பலராமன் சார், ஒரு நிமிஷம்." அதுவரை யாரும் என்னை அந்த வழக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"கோர்ட் தபால் புத்தகத்தோட நகல் எங்கிட்ட இருக்கு. விடுதலை ஆன தகவல உங்க ஸ்டேஷன்ல வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து இருக்கு. அது உங்க கையெழுத்து. உள்ள போனா நான் அதக் காட்டித்தான் ஆகணும். திடீர்னு எடுத்து நீட்டி உங்கள மாட்ட வெக்கறது எனக்குப் புடிக்கல. அதான் இப்பவே சொல்றேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க? நான் உஷாராயி வேற மாதிரி பேசிட்டா?"

"பேசுங்க. அது உங்க இஷ்டம். நான் இவங்களுக்குத்தான் வக்கீல். ஆனா உங்கள அவமானப்படுத்தாமயும் ஜெயிக்க முடியுமான்னு பாக்கறேன்."

விமான நிலையம் போகும் மின்சார ரயிலில் நான் கதவோரம் நின்றுகொண்டேன். இருபது வருட வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் சொன்ன வார்த்தைகள் காதுக்குள். அந்தத் தபாலை வாங்கியது எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது தபால் வாங்குவேன், கையெழுத்துப் போடுவேன், கட்டில் செருகுவேன். நான் செருகிவைத்த ஒரு காகிதம் ஏழு குடும்பங்களின் மேல் விழுந்திருக்கிறது. அவர்களோ பெட்டியின் அந்தக் கோடியில் நின்று, இன்னும் தங்கள் வழக்கை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

அதிகாரி வட நாட்டவர். இளவயது, கண்டிப்பான முகம். முதலில் தேவகியைக் கேட்டார். மொழிபெயர்க்க ஓர் எழுத்தர் இருந்தார். தேவகி எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"சார், எம் பக்கத்து மிஷின் பொண்ணு சொல்யூஷன் வாடையில மயங்கி வுழுந்துடுச்சு. ஆட்டோ உள்ள வர்றதுக்குக் கேட்டத் தொறக்கல. நாங்க ரோட்ல ஒக்காந்தோம். கேட்டு தொறந்துச்சு. பொண்ணு பொழச்சுது. நான் பண்ண குத்தம் அவ்ளோதான் சார். அதுக்கும் கோர்ட்ல எங்கள விட்டுட்டாங்க. கோர்ட் விட்ட பொறவு நீங்க எதுக்கு வெளிய நிறுத்தறீங்கன்னு ஒரு காரணம் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

எழுத்தர் மொழிபெயர்த்து முடித்ததும் அதிகாரி தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு ஜாபரை இந்தியில் ஏதோ கேட்டார். எழுத்தர் வாயைத் திறப்பதற்குள் ஜாபர் தன் ஆம்பூர் உருதுவில் கடகடவென்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த உருது அதிகாரிக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்திருக்க வேண்டும். முதல் முறையாகச் சிரித்தார். எங்கே கற்றாய் என்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டு பாஷை சார்" என்றார் ஜாபர், இந்த முறை தமிழில்.

கடைசியில் அதிகாரி என் பக்கம் திரும்பினார். பதிவேட்டில் வழக்கின் முடிவு ஏன் எழுதப்படவில்லை? நீதிமன்றத் தகவல் நிலையத்துக்கு வந்ததா, இல்லையா?

கிரேஸ் அம்மா கூடையிலிருந்து அந்த நகலை எடுத்து மடியில் வைத்திருந்தார். விரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வந்தது ஐயா" என்றேன். "நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பதிவேட்டில் ஏற்றவில்லை. அறிக்கை எழுதும்போதும் விசாரிக்கவில்லை. இவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது."

அவர் அந்தக் காகிதத்தை மடித்தபடியே கூடைக்குள் போட்டுக்கொண்டார். கடைசிவரை அதை அதிகாரியிடம் காட்டவே இல்லை.

மாலைக்குள் உத்தரவு தருவதாகச் சொல்லி எங்களை வெளியே அனுப்பினார்கள். நான்கு மணிக்கு வந்தது. வாகனங்கள் நிற்கும் இடத்தில், ஒரு சரக்கு லாரியின் நிழலில், கிரேஸ் அம்மா ஆங்கில உத்தரவை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. நிறுத்திவிட்டு, வகுப்பில் பேசும் பிள்ளையை முறைப்பதுபோல அதை முறைத்தார். அது போன பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து. "ஆறு பேருக்கும் மறுப்பு ரத்து செய்யப்படுகிறது. அனுமதி அட்டை வழங்க உத்தரவிடப்படுகிறது" என்ற இடம் வந்ததும் தேவகி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி படிங்கம்மா." மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை அவர்களும் கூடவே சொன்னார்கள். லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, இன்னா விஷயம் என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவரும் கை தட்டினார். நான் தள்ளி நின்றிருந்தேன். தேவகி என்னிடம் வந்து, "சார், டீ சாப்புட வாங்க" என்றார். அந்த டீயின் சூடு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

ஆறு பேர் என்று எழுதினேன். ஜாபருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதே பெயர், அதே தகப்பன் பெயர் கொண்ட ஒருவர் மீது வேறொரு நிலையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தது. அது இவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். முகம் தொங்கிப்போன ஜாபரின் தோளில் கிரேஸ் அம்மா கூடையால் ஒரு இடி இடித்தார். "ஆறு பேருக்கு வாங்கினவ உனக்கு வாங்கமாட்டனா? நட."

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்தில் குடியாத்தத்துக்கு மாற்றல். கூடவே, கடமையில் அலட்சியம் என்று ஒரு மெமோ. பதில் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்கு அறிக்கை எழுதியவனுக்குத் தன்னைப் பற்றி எழுத வார்த்தை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்து நின்றார் கிரேஸ் அம்மா. கோயில் என்று அவர் சொன்னால் அவருடைய தேவாலயம்.

"நீங்க எதுக்கும்மா வர்றீங்க? நான் உங்க எதிர்க்கட்சியாச்சே" என்றேன்.

"எதிர்க்கட்சியா? நீங்க என் சாட்சி. எனக்காக நிஜத்தச் சொல்லிட்டு மாட்டிக்கிட்டவருக்கு நான் எழுதலன்னா வேற யாரு எழுதுவா?"

பதில் அரைப் பக்கம்தான். நடந்த தவறை அப்படியே ஒப்புக்கொள்ளவைத்தார். கடைசியில் ஒரு வரி மட்டும் அவர் சொல்ல நான் எழுதினேன்: உண்மை சொன்னவர் தண்டிக்கப்பட்டால் அடுத்த முறை உண்மை சொல்ல ஒருவரும் முன்வரமாட்டார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். என் மனைவி அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

அந்த இன்னொரு ஜாபர் குடியாத்தத்துக்காரர் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வழக்கு இருந்ததும் என் புதிய நிலையத்தில்தான். ஒரே ஆளா என்று கேட்டு மறுபடி படிவம் வந்தபோது அது என் மேசைக்கே வந்தது. பேனாவை எடுத்தவன் மூடிவைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும் ஒரு தெருவில், லுங்கி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார் அவர். ஐம்பது வயதிருக்கும். ஒட்டகம்போல உயரம். இடது கையில் ஒரு விரல் இல்லை. நம் ஜாபருக்கு அப்போது இருபத்தெட்டு. ஆள் என் தோள் உயரம்தான்.

"எம் பேரால ஒரு பையனுக்கு வேலை போச்சா?" என்று பதறிப்போனார் அந்தப் பெரியவர். "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க. நான் வந்து நிக்கறேன்."

அங்க அடையாளம், வயது, முகவரி, வாக்குமூலம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். என் வேலையில் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு எழுதிய முதல் அறிக்கை அது. கிரேஸ் அம்மா அதை வைத்துக்கொண்டு மறுபடி சென்னைக்கு அலைந்தார். சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் ஜாபர் குடியாத்தம் நிலையத்துக்கே வந்தார். கழுத்தில் மாட்டியிருந்த பாஸைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"பாத்துக்குங்க சார். இது எம் மூஞ்சி. அந்த ஜாபர் மூஞ்சி இல்ல."

நிலையமே சிரித்தது. பிறகு அந்தப் பெரியவரின் தெருவைக் கேட்டுக்கொண்டு, அவருக்குக் கொடுக்க இனிப்பு வாங்கப் போனார்.

கிரேஸ் அம்மா எல்லா வழக்கிலும் ஜெயித்தவர் இல்லை. இதையும் எழுத வேண்டும். அவரே விரும்பியிருப்பார். முன்கோபம் அதிகம். ஒரு முறை, இளவயதில் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றதை மறைத்துவிட்டுக் காவலாளி வேலைக்காக மனுப் போட வந்தவரை, உண்மை தெரிந்ததும் மாடிப்படி வரை விரட்டினார். அவர் பாதிப் படி இறங்கியதும், மேலேயிருந்து கூப்பிட்டார். "மறைச்சா நான் வரமாட்டேன். சொல்லிட்டுக் கேளு, எங்க வேணா வர்றேன்." சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். தோற்றார்கள். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த வருடம் மறுபடி போட்டார். மறுபடியும் தோற்றார். அந்த மனிதருக்கு ஒரு நர்சரியில் தோட்டவேலை கிடைக்கும்வரை வேலூரில் அவர் கேட்காத ஆள் இல்லை.

ஏழு பேரின் கதை பரவியதும், லாங் பஜாரில் டிரங்குப் பெட்டிக் கடைக்கு மேலிருந்த அவருடைய அலுவலகப் படிக்கட்டில் கூட்டம் சேர ஆரம்பித்தது. துறைமுக பாஸ் மறுக்கப்பட்டவர்கள், சரக்கு ஓட்டுநர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு காவலாளி வேலைக்கும் இந்த விசாரணை வேண்டும் என்று ஆனபோது, மருத்துவமனைகளின் வாசலில் காவலுக்கு நின்றவர்கள். பாதிப் பேருடைய கதை ஒன்றேதான்: வழக்கு இருந்தது, விடுதலையும் ஆனது, விடுதலையை யாரும் எழுதவில்லை. ஒவ்வொருவராக ஜெயித்துக்கொண்டிருந்தால் தன் ஆயுள் போதாது என்று கிரேஸ் அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. படிவத்தின் மீதே கை வைத்தார். வழக்கு உண்டா என்று கேட்கும் படிவம், அந்த வழக்கு என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும் என்று மனு. அலுவலகம் அலுவலகமாக மூன்று வருடம் ஏறி இறங்கினார்.

அப்போது நான் சப்-இன்ஸ்பெக்டராகி, ஓய்வுக்குச் சில மாதமே இருந்தது. ஒரு நாள் புதிய படிவங்கள் கட்டாக வந்தன. பிரித்துப் பார்த்தேன். நான்காவது வரிக்குக் கீழே ஒரு புதிய கட்டம்: வழக்கின் முடிவும் தேதியும். நிலையத்துத் தொலைபேசியில் உடனே அவரைக் கூப்பிட்டேன். "கட்டம் வந்துடுச்சும்மா!" என்று நான் கத்தியதில் லாக்கப்பில் இருந்தவர்கூட எழுந்து நின்றார். மறுமுனையில் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "எத்தன இஞ்ச்சு அகலம்?" என்று கேட்டார். ஸ்கேல் வைத்து அளந்து சொன்னேன். "போதும். விடுதலைன்னு எழுத அது போதும்" என்றார். அடுத்த நாள் அந்தப் படிவத்தை நகலெடுத்து, கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். காவல் நிலையம் எப்படி எழுதும், எதைத் தவறவிடும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அவருக்கு நான் உபயோகப்பட்டேன். கடைசி ஒரு வருடம் இருதயம் பலவீனமாகி, அவரால் படியேற முடியவில்லை. கட்டுகளைப் பாகாயம் வீட்டுக்குக் கொண்டுபோவேன். கட்டிலில் சாய்ந்தபடி படித்துவிட்டு, ஓரத்தில் யாருக்கும் புரியாத எழுத்தில் குறிப்பு எழுதுவார். போன மாதம், அவர் தீர்ப்புக்குக் காத்திருந்த ஒரு காவலாளிப் பெண்ணின் மனு ஏற்கப்பட்டது. சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, தலையை வாரிக்கொண்டு, அக்காவைப் பாயசம் வைக்கச் சொன்னார். இனிப்பு தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு டம்ளர் குடித்தார்.

அடக்கத்தின்போது பாகாயம் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. தேவகி ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார், சீருடையோடு. இன்று அவர் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். அவர் தங்கைக்கு எப்போதோ திருமணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஜாபர் குடியாத்தத்துப் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அழுகை இருந்தது. ஆனால் அழுதவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். திரும்பியதும் அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். ஒரு வழக்கறிஞருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அவர் புத்தகங்கள் ஒரு இளம் வழக்கறிஞரிடம் போயிருக்கின்றன. அலுவலகமும் தொடர்ந்து நடக்கும். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதானாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது. நேற்று வாணியம்பாடியில் ஒரு கதவைத் தட்டினேன். துறைமுக பாஸ் மறுக்கப்பட்ட ஒரு கன்டெய்னர் லாரி ஓட்டுநர். அவர் மனைவி பாய் விரித்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொல்லச் சொல்ல நான்கு பக்கம் எழுதினேன். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நான் தவறாக எழுதியிருந்ததை அவர் திருத்தினார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சென்னையில் விசாரணை. காலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.